மௌனத்தை யார் முடிப்பது

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பக்கிரிசாமியின் இடது முழங்காலுக்குத் தெரியும். அதை மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கவிட்டால் உள்ளே ஒரு நண்டு புகுந்துகொண்டு கடிக்கும். இப்போது நண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். கீழமணற்குடி ஏலக்கூடத்துக்கு முன்னால் போட்ட பந்தலில் வடக்குத் தெரு ஒரு பக்கமும் தெற்குத் தெரு ஒரு பக்கமுமாக முந்நூறு பேர் கடலைப் பார்த்துக் கைகட்டி நின்றார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதா முகத்தைக் காட்டி நிற்பதா என்பதற்கே ஒரு கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். கடலோ ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கரையில் விளையாடிக்கொண்டிருந்தது. வடக்குத் தெருத் தலைவர் தனபாலன் கண்ணை மூடியிருந்தார். தெற்குத் தெருத் தலைவர் குப்புராஜும் மூடியிருந்தார். ஆனால் இருவரும் ஒற்றைக் கண்ணை மட்டும் மயிரிழை அளவுக்குத் திறந்து ஒருவரையொருவர் வேவு பார்ப்பதைப் பக்கிரிசாமி கண்டுவிட்டார். நாற்பது வருஷமாக ஏலம் விடுகிறவர், யார் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதானே பிழைப்பு. அடப்பாவிகளா, ‘மௌன அஞ்சலி முடிந்தது, அமரலாம்’ என்று யார் சொல்வது என்று நீங்கள் பேசவே இல்லையா?

பேசவில்லை. எல்லாம் பேசினார்கள், அதை மட்டும் பேசவில்லை. ஐஸ் பேக்டரி அறையில் மூன்று உட்காரல். குத்துவிளக்கில் ஐந்து திரி, ஆளுக்கு இரண்டு, ஐந்தாவதை வருவாய் ஆய்வாளர் அம்மா ஏற்றட்டும். நாற்காலி வடக்குக்குச் சிவப்பு, தெற்குக்கு நீலம், கலந்து போடக்கூடாது. ‘ஒன்றுபடுவோம்’ என்ற பேனரில் இரண்டு தலைவர்களின் படத்தையும் அளவுநாடாவை வைத்து அளந்து, குப்புராஜின் மீசை கூடுதலாக இடம் பிடிக்கிறது என்று தனபாலன் ஆட்சேபித்து, அதற்கு ஈடாக தனபாலனுக்கு ஒரு கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டார்கள். மௌனம் தொடங்குவதை தனபாலன் அறிவிப்பார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாயிற்று. அறிவித்தவரே முடிக்கவும் செய்வார் என்று தெற்கு நினைத்திருக்கும். தொடங்கியது நாங்கள், முடிப்பது அவர்கள் என்று வடக்கு நினைத்திருக்கும். இப்போது யாராவது ஒருவர் வாயைத் திறந்தால், ‘பாத்தியா, அவனுக்குத் துக்கம் ரெண்டே நிமிஷந்தான்’ என்று எதிர்த்தெரு ஆயுளுக்கும் சொல்லிக்காட்டும். அதனால் யாரும் திறக்கமாட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் நின்றாலும் நிற்பார்கள், இந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதா. எல்லாரும் துக்கத்தில் ஜெயிக்கப் பார்க்கிறார்கள். போன வருஷம் வரை இன்னும் கூத்து. இரண்டு தெருவுக்கும் இரண்டு நினைவுத்தூண், நாற்பது அடி இடைவெளி, தனித்தனி மைக்செட். இங்கே மௌனம் நடக்கும்போது அங்கே சொற்பொழிவு, அங்கே மௌனம் நடக்கும்போது இங்கே. ஒரு வருஷமாவது செத்தவர்கள் காதில் நிம்மதியாக எதுவும் விழுந்திருக்காது. இந்த வருஷம் சுனாமி வந்து இருபதாவது ஆண்டு, ஒரு ஊருக்கு ஒரு அனுமதிதான், சேர்ந்து செய்தால் செய்யுங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அப்படி வந்த ஒற்றுமை இது. நண்டு இன்னொரு கடி கடித்தது. ஒண்ணுக்கு வேறு வந்தது.

பந்தலுக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண். வடக்குத் தூணில் இருபத்து மூன்று பெயர், தெற்குத் தூணில் பதினெட்டு. கூட்டினால் நாற்பத்தொன்று. ஆனால் கடல் கொண்டுபோனது நாற்பது பேரைத்தான். ஒருத்தி மட்டும் இரண்டு தூணிலும் இருக்கிறாள். செல்லக்கிளி. பக்கிரிசாமியின் பெண்டாட்டி. பிறந்தது தெற்கு, வாக்கப்பட்டது வடக்கு. கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டுக்குத்தான் சொந்தம் என்று வடக்குத் தெரு சொன்னது. செத்தது தெற்கில், அவள் தம்பி வீட்டு வாசலில், எங்கள் தெருவில் செத்தவள் எங்கள் தூணில்தான் என்று தெற்குத் தெரு சொன்னது. முதல் வருஷம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அழுத ஊர்தான், இரண்டாம் வருஷம் ஒரே தூணாகக் கட்டலாம் என்று கிளம்பியபோது இந்த ஒரு பேரில் வந்து முட்டி இரண்டு தூணாகப் போயிற்று. அப்புறம் தூணைச் சாக்காக வைத்துப் படகு கட்டுமிடம், கோயில் மண்டகப்படி, வலை உலர்த்தும் மணல் என்று எல்லாவற்றையும் இரண்டாக்கிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவளை எவன் கண்டான்? செத்த பிறகு தெருவுக்குத் தெரு ஆளாளுக்கு வேண்டியவளாகிவிட்டாள். இந்தச் சேர்ந்த கூட்டத்திலும் பெயர் வாசிக்கும்போது அவளை எந்தப் பட்டியலில் வாசிப்பது என்று மூன்று உட்காரலிலும் தீரவில்லை. கடைசியில் தலைவர்கள் இருவரும் கையைக் கழுவிவிட்டார்கள். வீட்டு ஆளுகளே வாசிக்கட்டும், வடக்குப் பட்டியலைப் புருஷன், தெற்குப் பட்டியலைத் தம்பி, அவரவர் மனசாட்சிப்படி. நேற்று தனபாலன் வீட்டுக்கே வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார். “பக்கிரி, முதல் பட்டியலு நம்மளுது. ஒன் ஏலக் குரல்ல அந்தப் பேர ஓங்கிச் சொல்லிடு. அதுக்கப்புறம் அவனுவ சொன்னா எடுபடாது.” அதற்குத்தான் சட்டைப்பையில் காகிதம் இருக்கிறது. கையெழுத்தும் அவருடையதுதான். கடைசி வரி, செல்லக்கிளி.

அந்தத் தம்பி வைரக்கண்ணு அவருக்கு இரண்டு முழம் தள்ளி நிற்கிறான். பதினெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டால் என்ன, தினமும் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது, அவன் பிடித்த மீனை இவர்தானே ஏலம் விட வேண்டியிருக்கிறது. அவன் கூடையை வைப்பான், இவர் மீனைப் பார்த்துக் கூவுவார், மீன்தான் நடுவில் பேசிக்கொள்ளும். ஏலத்தில் பக்கிரிசாமிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘ரெண்டு தரம்’. மற்ற ஊர் ஏலக்காரர்கள் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி முடிப்பார்கள். இவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டுத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். மூணாவது வாயில் வராது. வியாபாரிகள் கிண்டல் செய்வார்கள். ‘மூணாவத வீட்ல வச்சிட்டு வந்துட்டீரா?’ ஆமாம், வீட்டில்தான் வைத்துவிட்டு வந்தார். அதைத்தான் இப்போது நினைக்கக்கூடாது. எதையாவது வேறு நினைக்க வேண்டும். பேனரில் குப்புராஜின் மீசையில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. கூலிங்கிளாஸுக்குப் போகிறது. திரும்ப மீசைக்கு வருகிறது. ஈக்கு மட்டும் இந்த ஊரில் தெரு கிடையாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் மீன்குழம்பில் ஒரு ஈதான் விழுந்தது. ஐயோ, வந்துவிட்டது பார், எங்கே சுற்றியும் அங்கேதான் வந்து நிற்கிறது இந்தப் புத்தி.

ஈ விழுந்ததற்கு அவர் கத்தினார். அவருக்கு மெல்லப் பேசவே தெரியாது, வீட்டிலும் ஏலக் குரல்தான். “ஏன் இப்படிக் கத்துறீங்க, வீட்ல என்ன ஏலமா வுடுறீங்க?” என்று செல்லக்கிளி கேட்டாள். வாசலில் நாலு பெண்கள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள். ஆள் நாலு கூடிவிட்டால் ஏலக்காரன் வாய் சும்மா இருக்குமா? “ஒன்ன ஏலத்துல வுட்டாக்கூட கேக்க ஆளு இல்லடி! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பாத்தியா, ஒரு நாதியும் கேக்கல!” நாலு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். செல்லக்கிளி சிரிக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போனால் போகட்டும், காலையில் ஏலம் முடிந்து போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவர் அந்தக் குழம்பையே ஈயை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். நல்ல குழம்பு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதுதான் கொடுமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டரைக்கே முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கானாங்கெளுத்தி ஒரு படகு நிறைய வந்து நின்றது, இதையும் விட்டுவிட்டுப் போவோம் என்று நின்றார். அந்த நேரம் பார்த்து வைரக்கண்ணு வந்தான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். மீன் நாறும் இடத்துக்கு எவனாவது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவானா? கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு! அக்காவை ஏலம் விட்டவனே, இரு உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்ற சிரிப்பு. அதைப் பார்த்த எரிச்சலில் இன்னும் சத்தமாகக் கூவினார். மூணு தரம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் கடல் எழுந்து வந்தது.

பிறகு நடந்தது அவருக்கு வரிசையாக நினைவில்லை. தண்ணீருக்குள் யாரோ அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். ஐஸ் பேக்டரி மாடிப்படியில் வயிறு தேய மேலே ஏற்றப்பட்டார். ஏறிப் பார்த்தால் வைரக்கண்ணு. கீழே ஊரே இல்லை. இன்னொன்றும் இல்லை, அவர் இடுப்பில் துணி. கட்டியிருந்த கைலியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உலகமே அழிந்துகொண்டிருக்கும்போதும் மனுஷனுக்கு முதலில் கை அங்கேதான் போகிறது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். வைரக்கண்ணு ஒன்றும் பேசாமல் தன் வெள்ளை வேட்டியை அவிழ்த்துப் பல்லால் கடித்து நடுவில் கிழித்தான். பாதியை இவரிடம் எறிந்தான், பாதியைத் தான் சுற்றிக்கொண்டான். நாலு மணி நேரம் இரண்டு பாதி வேட்டிகளாக அந்த மாடியில் நின்று, ஒருவன் ‘அக்கா’ என்றும் ஒருவன் ‘கிளி’ என்றும் தெற்குத் தெரு இருந்த பக்கம் பார்த்துக் கத்தினார்கள். ஏலக் குரல், கடல் தாண்டிக் கேட்கும் என்று ஊரில் பேர் வாங்கிய குரல். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை. மூணாம் நாள் கருவைக் காட்டில் கிடைத்தாள். மஞ்சள் பை கையில் சுற்றியிருந்தது. அந்தப் பாதி வேட்டி இன்றைக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது.

அவள் ஏன் அன்றைக்குத் தெற்கில் இருந்தாள் என்று ஊர் கேட்டபோது, தம்பிக்கு இடியாப்பம் கொடுக்கப் போனாள் என்று பக்கிரிசாமி சொன்னார். இருபது வருஷமாக அந்த இடியாப்பத்தையே அவித்துக்கொண்டிருக்கிறார். பேன் பார்த்த நாலு பெண்களில் மூன்று பேர் வடக்குத் தூணில் இருக்கிறார்கள், நாலாவது ஊரைவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் வைரக்கண்ணு. அவனுக்குக் கட்டாயம் தெரியும். தூண் சண்டையில் எத்தனை பேச்சுப் பேசினார்கள்! ‘உன் வீட்டில் நல்லா இருந்திருந்தால் ஏன்டா எங்க வீட்டுக்கு வந்தாள்’ என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்கு தெற்குப் பக்கம் தீர்ந்திருக்கும். குப்புராஜ் அவனை உசுப்பிவிட்டு உசுப்பிவிட்டுப் பார்த்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. மச்சானோடு பேசுவதை நிறுத்தினானே தவிர மச்சானைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நிமிடம் எங்கே, இருபது வருஷம் எங்கே. யார் துக்கத்தில் ஜெயித்தது என்று இப்போது கேட்டால் சொல்லிவிடலாம். ஏன்டா சொல்லவில்லை? பக்கத்தில்தான் நிற்கிறான், காதோரம் நரைத்துவிட்டது, அவள் காதுமடல்தான் அவனுக்கும். கேட்டுவிடலாம்தான். ஆனால் மௌன அஞ்சலி நடக்கிறதே.

ஒரு காக்கை தெற்குத் தூண்மேல் உட்கார்ந்து இந்தக் கூட்டத்தை என்னவென்று பார்த்தது. எத்தனை நிமிடம் ஆயிற்றோ, பின்வரிசையில் யாரோ மயங்கி நாற்காலியில் சரிந்து அதையும் துக்கமாக மாற்றிக்கொண்டார்கள். பக்கிரிசாமி இரண்டு தூணையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் அவள் பெயர். இங்கே கடைசி வரி, அங்கே முதல் வரி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, நண்டு கடித்ததைவிடப் பலமாக. கேட்க ஆள் இல்லை என்று சொன்னோமே! பதினெட்டு வருஷமாக ஏலம் நடந்துகொண்டிருக்கிறதே! எங்களுக்குத்தான் என்று இந்தத் தெரு ஒரு கேள்வி, எங்களுக்குத்தான் என்று அந்தத் தெரு ஒரு கேள்வி, விட்டே கொடுக்கவில்லையே ஒருத்தனும். அடி கிளி, இவ்வளவு பெரிய கேள்வி இந்த ஏலக்கூடத்தில் எந்த மீனுக்கும் வந்ததில்லையடி. நான் மட்டும்தான்டி கேட்காமல் நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. மௌன அஞ்சலியில் சிரித்த பாவம் வேண்டாம் என்று உதட்டைக் கடித்தால் அழுகையாக வந்தது. போதும். இந்த ஏலத்தை முடித்துவிட வேண்டும். அவன் வாசலில் செத்தாள், அவன் இருபது வருஷம் வாயை மூடினான், அவனே வைத்துக்கொள்ளட்டும். தனபாலன் தெருவைவிட்டு ஒதுக்கிவைத்தாலும் சரி.

அந்த நேரம் வருவாய் ஆய்வாளர் அம்மாவின் கைப்பையில் போன் அடித்தது. அம்மன் பாட்டு. முந்நூறு பேரும் அதை அரசாங்க உத்தரவாக ஏற்றுக்கொண்டு ‘அப்பாடா’ என்று ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பதிமூன்று நிமிடம் என்று யாரோ சொன்னார்கள்.

பக்கிரிசாமி மைக் முன்னால் போய் வடக்குப் பட்டியலை வாசித்தார். இருபத்திரண்டு பெயர். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டார். தனபாலனின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்துகொண்டன. பக்கிரிசாமி அவரைப் பார்க்காமல் மைக்கை வைரக்கண்ணுவின் பக்கம் நகர்த்தினார். அவன் பட்டியலில் அவள்தானே முதல் பெயர். அவன் ஒரு நிமிடம் காகிதத்தையே பார்த்தான். பிறகு இரண்டாவது பெயரிலிருந்து வாசித்தான். பதினேழு பெயர். வாசித்துவிட்டு மைக்கை விட்டு நகர்ந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து மீன்காரி சின்னாச்சி எழுந்தாள். அவள் வடக்குமில்லை தெற்குமில்லை, இரண்டு தெருவிலும் கூடை தூக்குகிறவள்.

“யோவ், முப்பத்தொம்பதுதான் வருது! எங்கயா எங்க செல்லக்கிளி? இத்தினி வருஷம் ரெண்டு எடத்துல வச்சிருந்தீங்க, இப்ப ஒரு எடத்துலயும் இல்லன்னா என்னய்யா அர்த்தம்?”

“நீங்க சொல்லுவீங்கன்னு வுட்டேன்” என்றான் வைரக்கண்ணு. மைக் திறந்திருந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு ஊருக்கே கேட்டது. “ஒங்க பொண்டாட்டி மச்சான். ஒங்க கூடத்தான் இருக்கணும்.”

“நான் வெச்சிக்கிற லட்சணமாடா அது, மாப்புள? இடியாப்பமெல்லாம் பொய்யி. நான் பேசுன பேச்சுலதான அவ அங்க வந்தா. ஏலம் வுட்டுப் பேசினன்டா அவள, நாலு பேரு முன்னாடி! ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். அக்கா வந்ததுமே சொல்லிச்சு.”

“பின்ன ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?”

வைரக்கண்ணு அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். இந்தத் தடவை கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. “அது கோவமாவா சொல்லிச்சு? வர்ற வரைக்கும்தான் கோவம். எங்கிட்ட ஒங்க மாதிரியே கூவிக் காட்டிட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சிச்சு மச்சான். காலையில, ‘ஏலம் முடிஞ்சதும் வரத்தான் நெனப்பாரு, ஆனா தானா வந்தா கவுரவக் கொறச்சலுன்னு நிப்பாரு, நீ போயி அழச்சிட்டு வா. மாப்பிள்ள அழைக்கப் போறவன் கைலியோட போவாத, வெள்ள வேட்டி கட்டிக்கிட்டுப் போ’ன்னு சொல்லி அனுப்பிச்சு. அத ஒங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். மாடியில வெச்சு சொல்ல வாய் வரல. அப்புறம் தூணு வந்திருச்சி.”

பக்கிரிசாமி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நண்டு, ஒண்ணுக்கு, தனபாலன் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவளைக் கூப்பிட அவர் தானாகப் போய் நிற்கவேண்டியதே இருந்திருக்காது. அழைப்பே அவரைத் தேடி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. அதில் பாதியை இருபது வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார். ‘செல்லக்கிளி’ என்றுதான் வந்தது. அதே நேரம் பக்கத்தில் வைரக்கண்ணுவும் அதையே சொன்னான். ஒரே மைக்கில் இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன.

“நாப்பது” என்றாள் சின்னாச்சி, மூக்கைச் சிந்திக்கொண்டே. “எந்திரிங்கய்யா எல்லாரும். அந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு நிமிஷம் நில்லுங்க. அவள வுட்டுட்டுத்தான மொதல்ல நின்னீங்க.”

முந்நூறு பேரும் எழுந்தார்கள். எழுந்த அவசரத்தில் சிவப்பு நாற்காலியும் நீல நாற்காலியும் ஒன்றோடொன்று இடித்துக் கலந்துவிட்டன. தலையைக் குனியப் போன தனபாலன் சட்டென்று நிமிர்ந்தார். “இருங்க, இருங்க. இத யாரு முடிக்கிறது? மொதல்லயே பேசிக்குவோம்.”

குப்புராஜ் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைரக்கண்ணு சொன்னான். “மச்சான் முடிப்பாரு.”

ஒரு நிமிடம் நின்றார்கள். கடல் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் ஆனதும் பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு தரம்” என்றார். பிறகு, “ரெண்டு தரம்.”

வழக்கம்போல் கை தொடையைத் தட்டப் போயிற்று. வைரக்கண்ணு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே நின்றார்கள். ஏலக்கூடத்து வியாபாரிகள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“மூணு தரம்” என்றார் பக்கிரிசாமி. ஊர் உட்கார்ந்தது.